வைரசின் டிஎன்ஏயைக் கதிர்வீச்சு முடக்குவது எவ்வாறு: தாளும் பென்சிலும் கொண்டு கணித்தறிய ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், கிண்ணியாவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இறாலின் வெண்புள்ளி நோயைப் பற்றிக் கேட்டான். "ஐஸில போட்டு வைச்சாலும் சாகாத வைரசு, கண்ணுக்கே தெரியாத கதிருக்கு எப்படிச் சேர் சாகும்?" என்பது அவனுடைய கேள்வி. கதிர்வீச்சு டிஎன்ஏயைச் சிதைத்துவிடும் என்று நான் அன்று சொன்ன பதில் பிழையன்று, ஆனால் பயனும் அற்றது. எவ்வளவு கதிர், எத்தனை இடத்தில் சிதைவு, எல்லா வைரசுக்கும் ஒரே அளவா என்ற மூன்றையும் அது தொடவேயில்லை. இந்த மூன்றுக்கும் ஒரு தாள், ஒரு பென்சில், மடக்கை அட்டவணை அல்லது கணிகருவி ஆகியவற்றுடன் விடை காணலாம். உயர்தர மாணவருக்கும், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பம் பயில்வோருக்கும், இதைக் கற்பிக்க வேண்டியிருக்கும் ஆசிரியருக்கும் அந்த வழியை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக இறாலையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் நமக்கு அதைவிட அறிமுகமான விலங்கு வேறில்லை.

முதலில் "சாதல்" என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். வைரசு கலமன்று; அதற்குச் சுவாசமில்லை, அனுசேபமில்லை. விருந்துவழங்கிக் கலத்துக்குள் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்ளும் ஆற்றல் மட்டுமே அதனுடைய உயிர்த்தன்மை. அந்த ஆற்றலை இழந்துவிட்டால் அது முடங்கிவிட்டது எனலாம். முடங்கிய வைரசின் புரத உறை அப்படியே இருக்கலாம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நல்ல வைரசுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாமலும் போகலாம். உறை கெடாமல் உள்ளிருக்கும் மரபுப்பொருள் மட்டும் கெடுவதனால்தான், கதிரூட்டி முடக்கிய நுண்ணங்கிகளைத் தடுப்பூசிக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வாளர் தேடுகின்றனர்.

கதிர் வைரசைச் சுட்டுப் பொசுக்குகிறது என்று விடைத்தாளில் எழுதுவோர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். அதை உடைக்க ஒரு சிறு கணக்குப் போதும். கதிரளவின் அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் அது 1 கிரே. மருத்துவப் பொருள்களைக் கிருமியழிப்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு 25 கிலோகிரே, அதாவது கிலோகிராமுக்கு 25,000 யூல். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4,180 என்பதால் 25,000ஐ 4,180ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 வருகிறது. வெப்பநிலை 6 பாகை செல்சியசு உயர்கிறது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் நிலாவெளி மணலில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல் இதைவிடச் சூடாகும். ஆகவே கதிரின் வலிமை அதன் மொத்தச் சக்தியில் இல்லை. அந்தச் சக்தி சீராகப் பரவாமல், சிறு சிறு பொதிகளாக, ஒவ்வொரு பொதியும் ஓரிடத்தில் கொட்டப்படுவதில்தான் இருக்கிறது.

ஒரு பொதியின் அளவைத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. கதிர்த்தொழிற்பாடுள்ள கோபாற்று-60 வெளியிடும் காமாக் கதிர்களின் சக்தி 1.17, 1.33 மில்லியன் இலத்திரன்வோல்ற்று (அணுவளவில் சக்தியை அளக்கும் மிகச் சிறிய அலகு). அத்தகைய கதிரொன்று ஓர் அணுவிலிருந்து இலத்திரனை உதைத்து வெளியேற்றுகிறது. வேகமாக ஓடும் அந்த இலத்திரன், தான் செல்லும் வழியெங்கும் பல்லாயிரம் இடங்களில் தன் சக்தியைச் சிந்திக்கொண்டே போகிறது. ஒரு சிந்தலுக்குச் சராசரியாக 60 முதல் 70 இலத்திரன்வோல்ற்று என்று கொள்ளலாம். நாம் 66 என்று வைத்துக்கொள்வோம். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 4 இலத்திரன்வோல்ற்றும் தேவைப்படாது என்பதை நினைத்துப் பார்த்தால், அத்தகைய ஒரு சிந்தல் டிஎன்ஏமீது விழுந்தால் என்ன ஆகும் என்பது தெளிவாகும். புற ஊதாக் கதிரை இதனோடு குழப்பக் கூடாது. கிருமியழிப்பு விளக்கின் 254 நனோமீற்றர் ஒளியின் சக்தி 4.9 இலத்திரன்வோல்ற்று மட்டுமே, அது அயனாக்குவதில்லை. அது டிஎன்ஏயால் உறிஞ்சப்பட்டு, அடுத்தடுத்திருக்கும் தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெடுக்கிறது. விளைவு ஒன்றுபோலத் தோன்றினாலும் வழி வேறு.

இலக்கின் எடையைப் போடுதல்

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் வைரசின் மரபுப்பொருள் இரட்டை இழை டிஎன்ஏ. நீளம் ஏறத்தாழ 3,00,000 மூலச் சோடி; டிஎன்ஏயை முறுக்கிய ஏணியாகக் கொண்டால் ஒரு மூலச் சோடி அதன் ஒரு படி. விலங்குகளைத் தாக்கும் வைரசுகளுள் மிகப் பெரியவற்றில் இது ஒன்று. 1990களில் புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளை ஆட்டிவைத்ததும் இதுவே. மனிதருக்கு இதனால் நோயில்லை. ஒரு மூலச் சோடியின் எடை சராசரியாக 650 டால்டன்; எனவே முழு டிஎன்ஏயின் எடை 3,00,000 × 650 = 19.5 கோடி டால்டன். ஒரு டால்டன் 1.66 × 10⁻²⁷ கிலோகிராம், பெருக்கினால் 3.2 × 10⁻¹⁹ கிலோகிராம். 1 கிரே என்றால் கிலோகிராமுக்கு 1 யூல் என்பதால், இந்த டிஎன்ஏ பெறும் சக்தி சராசரியாக 3.2 × 10⁻¹⁹ யூல். இலத்திரன்வோல்ற்றில் சொன்னால் அது வெறும் 2.

இந்த இடத்தில் மாணவர் தயங்கி நிற்பார்கள், நிற்கத்தான் வேண்டும். ஒரு சிந்தலுக்கு 66 வேண்டும், கிடைத்ததோ 2. அப்படியானால் ஒவ்வொரு வைரசும் 2 பெற்றது என்பது பொருளன்று. 33 வைரசுகளுள் ஒன்று முழுதாக 66ஐப் பெற்றது, மற்ற 32 எதையும் பெறவில்லை என்பதே பொருள். ஊருக்குச் சராசரி மழை 2 மில்லிமீற்றர் என்று வானொலியில் சொன்ன அன்று உப்புவெளியில் கொட்டோ கொட்டென்று கொட்டி, தம்பலகாமத்தில் ஒரு துளியும் விழாமல் இருப்பதில்லையா, அதுபோலத்தான். 33 கிரே கொடுத்தால்தான் ஒரு வைரசுக்குச் சராசரி ஒரு சிந்தல் என்ற கணக்கு வரும்.

மேலே செய்ததைச் சுருக்கினால் கையடக்கமான ஒரு விதி கிடைக்கும்: 6.4 × 10⁹ என்ற எண்ணை டால்டனில் உள்ள இலக்கின் எடையால் வகுத்தால், ஓர் இலக்குக்குச் சராசரி ஒரு சிந்தல் விழுவதற்கான அளவு கிரேயில் வரும். 66ஐ யூலாக மாற்றி 1.66 × 10⁻²⁷ஆல் வகுத்துப் பார்த்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது புரியும். மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை வகுத்துப் பார்ப்பது மேல். கதிரை அம்பாகவும் மூலக்கூற்றை இலக்காகவும் கொண்டு இவ்வாறு எண்ணிப் பார்க்கும் முறையை 1940களில் ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரித்தானிய இயற்பியலாளர் டக்ளஸ் லீ. வைரசின் அளவைக் கதிரால் அளக்கலாம் என்பதும் அக்காலத்து எண்ணமே.

இதே விதியை மனிதருக்குப் போட்டுப் பாருங்கள். மனிதக் கலமொன்றில் ஏறத்தாழ 640 கோடி மூலச் சோடி. வெண்புள்ளி வைரசினுடையதைவிட 21,000 மடங்கு. உடல் முழுதும் சுமார் 4 கிரே பட்டால் மருத்துவம் பெறாதவருள் பாதிப்பேர் இறக்கக்கூடும் என்று சொல்லப்படுவதற்கும், வைரசுக்கு ஆயிரக்கணக்கான கிரே தேவைப்படுவதற்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இந்த இலக்கின் பருமனிலேயே அடங்கிவிடுகிறது. வைரசு உறுதியானது என்பதால் தப்பவில்லை. சிறியது என்பதால் தப்புகிறது.

சிந்தல் விழுந்தபின் நடப்பவை

சிந்தல் டிஎன்ஏமீதே விழுந்தால் அது நேரடி விளைவு. டிஎன்ஏயின் ஓர் அணு இலத்திரனை இழக்கிறது. ஏற்பட்ட வெற்றிடம் இழைவழியே நகர்ந்து, மூலங்களுள் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும் குவானினில் போய்த் தங்குவது வழக்கம். வெளியேறிய இலத்திரனும் சும்மா இருப்பதில்லை. கனடாவின் ஷெர்புறூக்கில் லியோன் சான்ஷின் குழுவினர் 2000ஆம் ஆண்டில், 3 முதல் 20 இலத்திரன்வோல்ற்று வரையான மெதுவான இலத்திரன்கள்கூட டிஎன்ஏ இழையை அறுக்கும் என்று காட்டினர். அதற்கு முன்பு அவ்வளவு மெலிந்த இலத்திரனைப் பலரும் பொருட்படுத்தியதில்லை.

சிந்தல் அருகிலிருக்கும் நீரில் விழுந்தால் அது மறைமுக விளைவு. நீர் மூலக்கூறு சிதைந்து ஐதரொட்சில் மூலிகமும் (மூலிகம் என்பது சோடியில்லா இலத்திரன் கொண்ட, எதனோடும் விரைந்து தாக்கம் புரியும் துணிக்கை), நீரேறிய இலத்திரனும், ஐதரசன் அணுவும் தோன்றுகின்றன. இவற்றுள் மிகக் கொடியது ஐதரொட்சில் மூலிகம். உறிஞ்சப்பட்ட ஒவ்வொரு 100 இலத்திரன்வோல்ற்றுக்கும் இது ஏறத்தாழ 2.7 என்ற வீதத்தில் உருவாகிறது. அது டிஎன்ஏயின் முதுகெலும்பிலுள்ள டிஒட்சிரைபோசு வெல்லத்திலிருந்து ஓர் ஐதரசனைப் பறித்தால் அவ்விடத்தில் இழை அறுகிறது. மூலத்தைத் தாக்கினால் குவானின் ஒட்சியேறியதாகவும் தைமின் கிளைக்கோலாகவும் உருமாறி, படியெடுக்க வரும் பொலிமரேசு நொதியம் அங்கே தடுக்கி நிற்கிறது அல்லது பிழையாகப் படியெடுக்கிறது. ஒட்சிசன் அருகிலிருந்தால், திருத்தக்கூடிய நிலையிலிருந்த காயமும் நிலைத்துவிடுகிறது.

மறைமுக விளைவைப் பற்றி நான் சற்று நீட்டியே கற்பிப்பதுண்டு, ஏனெனில் கேள்வி கேட்ட மாணவனின் ஐஸ் இங்கேதான் வருகிறது. மூலிகங்கள் நகர்ந்து சென்றுதான் தாக்க வேண்டும். தூய நீரில் வைரசு மிதந்தால் அவை தடையின்றி அதை அடைகின்றன. சிறிய அளவே போதும். குருதிப் பாயத்திலோ இறால் தசையிலோ வைரசு புதைந்திருந்தால், வழியிலிருக்கும் புரதங்கள் மூலிகங்களைத் தம்மேல் வாங்கிக்கொள்கின்றன. பெரிய கூட்டத்துக்குள் எறிந்த கல் குறிவைத்தவனை எட்டுவதில்லை. உறைய வைத்தாலோ மூலிகங்கள் பனிக்கட்டிக்குள் அசையமுடியாமல் நிற்க, நேரடி விளைவு மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே ஐஸ் வைரசைக் கொல்லாமல் காப்பதோடு நிற்பதில்லை. கதிரிலிருந்தும் ஓரளவு காக்கிறது. அன்று இதைச் சொல்லியிருந்தால் அவன் மகிழ்ந்திருப்பான். ஆய்வுகூடங்களில் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்: மாதிரியை உலர்பனியில் வைத்துக் கதிரூட்டினால் புரதங்கள் அவ்வளவாகக் கெடாமல், டிஎன்ஏ மட்டும் நேரடியாக அடிபடும். அதற்கு விலையாகக் கதிரளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி எந்தக் காயம் வைரசை முடக்கும் என்ற வினா. ஒற்றை இழை டிஎன்ஏ கொண்ட வைரசில் எங்கே ஓர் அறுப்பு விழுந்தாலும் அநேகமாகக் கதை முடிந்தது. அறுந்த கயிற்றின் மறுபுரி அங்கில்லை. அதனால் மேலே சொன்ன விதி அத்தகைய வைரசுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. இரட்டை இழையிலோ ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். விருந்துவழங்கிக் கலத்துக்குள் சென்றபின் அந்தக் கலத்தின் திருத்தும் நொதியங்களே அதைச் சரிசெய்துவிடவும் கூடும். இரு இழைகளும் ஏறத்தாழ 10 மூலச் சோடி இடைவெளிக்குள் அறுந்தால்தான் துண்டு துண்டாகும். இதனால் இரட்டை இழை வைரசில் பத்துச் சிந்தலுக்கு ஒன்றே உண்மையான முடக்கமாகிறது என்று கொள்வது பருமட்டான மதிப்பீட்டுக்குப் போதும். வெண்புள்ளி வைரசுக்கு 33ஐப் பத்தால் பெருக்கி 330 கிரே என்று எழுதிக்கொள்ளுங்கள். தசைக்குள்ளும் பனிக்கட்டிக்குள்ளும் இருக்கும்போது உண்மையான அளவு இதைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம். கணக்கு வரிசையைக் காட்டும், துல்லியத்தை ஆய்வுகூடமே காட்டும்.

புளியங்கொட்டையும் சதுரங்கப் பலகையும்

சராசரி ஒரு முடக்கம் என்ற அளவில் எல்லா வைரசும் முடங்கிவிடுமா? முடங்காது. இதைச் சொல்லி விளங்கவைப்பதைவிடச் செய்துகாட்டுவதே மேல். 64 கட்டமுள்ள சதுரங்கப் பலகை ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வைரசு. 64 புளியங்கொட்டை எடுங்கள்; ஒவ்வொன்றும் ஒரு சிந்தல். கையால் தூவக் கூடாது. எங்கள் வகுப்பில் முதன்முறை தூவியபோது எல்லாம் நடுவில் குவிந்தன. இரண்டாம் முறை ஒரு பிள்ளை நேர்மையாக ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாக வைத்துவிட்டாள். 1 முதல் 8 வரை எழுதிய துண்டுகளை இரண்டு கிண்ணங்களில் போட்டு, ஒன்று நிரைக்கும் மற்றது நிரலுக்குமாகக் குலுக்கி எடுத்து, வரும் கட்டத்தில் ஒரு கொட்டையை வைக்க வேண்டும். எடுத்த துண்டை மீண்டும் கிண்ணத்தில் போட மறக்கக் கூடாது. எட்டுப் பேர் ஆளுக்கு எட்டுக் கொட்டையாகச் செய்தால் பத்து நிமிடத்தில் முடியும்.

64 கொட்டையும் வைத்தபின் வெறுமையான கட்டங்களை எண்ணினால் 23க்கு அண்மையில் வரும். சில கட்டங்களில் இரண்டு, மூன்று கொட்டைகள் கிடக்கும், அவை வீண். இன்னும் 64 வைத்தால் வெறுமையானவை 8 அல்லது 9 ஆகும். மூன்றாம் சுற்றில் 3. நான்காம் சுற்றில் 1. ஒவ்வொரு சுற்றும் எஞ்சியதில் ஏறத்தாழ 37 வீதத்தைத்தான் விட்டுவைக்கிறது, 1ஐ 2.718ஆல் வகுத்தால் வரும் எண் அது. இரண்டு குழுக்கள் செய்தால் எண்கள் சற்று வேறுபடும். அந்த வேறுபாட்டையும் பலகையில் எழுதுங்கள், எழுந்தமானம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆகவே சராசரி ஒரு முடக்கம் விழும் அளவை 37 வீத அளவு என்கிறோம். கணக்குக்கு வசதியானது பத்திலொரு அளவு, அதாவது வைரசின் எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாக்கும் அளவு. 37 வீத அளவை 2.303ஆல் பெருக்கினால் அது வரும். வெண்புள்ளி வைரசுக்கு 330 × 2.303 = ஏறத்தாழ 760 கிரே.

ஆய்வுகூடத் தரவு கையில் இருக்கும்போது எதிர்ப்பக்கமாகவும் போகலாம். பயிற்சிக்காக நானே புனைந்த எண்கள் இவை: ஒரு மில்லிலீற்றரில் தொடக்கத்தில் 1 கோடி வைரசு, 4 கிலோகிரேயில் 16 இலட்சம், 8இல் 2,50,000, 12இல் 40,000, 16இல் 6,300. இவற்றை அப்படியே வரைபாகக் குறித்தால் வளைகோடு கீழே சரிந்து அச்சோடு ஒட்டிக்கொண்டு ஒன்றையும் காட்டாது. மடக்கையை எடுத்துக் குறியுங்கள்: 7.0, 6.2, 5.4, 4.6, 3.8. நேர்கோடு வருகிறது, 4 கிலோகிரேக்கு 0.8 இறங்குகிறது, எனவே பத்திலொரு அளவு 5 கிலோகிரே, 37 வீத அளவு 2.17 கிலோகிரே. 6.4 × 10⁹ஐ 2,170ஆல் வகுத்தால் இலக்கின் எடை ஏறத்தாழ 29.5 இலட்சம் டால்டன். வைரசு ஒற்றை இழையுடையதாயின், இழையின் ஓர் அலகான நியூக்கிளியோரைட்டுக்கு 330 டால்டன் வீதம், நீளம் சுமார் 9,000. இரட்டை இழையாயின் பத்துக்கு ஒன்று என்ற திருத்தத்தைச் சேர்த்துச் சுமார் 45,000 மூலச் சோடி. நேர்கோடு வராமல் தொடக்கத்தில் தோள்போல வளைந்தால், வைரசுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கொத்திலுள்ள அனைத்தும் முடங்கும்வரை அது ஒரு வைரசாகவே எண்ணப்படும். இன்னொரு காரணமும் உண்டு. அடிபட்ட வைரசுகள் பல ஒரே கலத்தில் புகுந்தால், ஒன்றின் நல்ல பகுதியும் மற்றதன் நல்ல பகுதியும் சேர்ந்து முழு வைரசு மீண்டும் உருவாகலாம். புற ஊதாக் கதிரில் அடிபட்ட பற்றீரியா விழுங்கிகளில் (பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளில்) இதை 1947இல் சல்வடோர் லூரியா எடுத்துக்காட்டினார்.

கணக்கு எங்கே கைகொடுக்கிறது

மேற்சொன்ன புனைவு வைரசுக்கு 25 கிலோகிரே கொடுத்தால் ஐந்து தடவை பத்தால் வகுபடும். 1 கோடியில் 100 எஞ்சும். 25 என்பது மந்திர எண் அன்று. அது பெரும்பாலும் பற்றீரிய வித்திகளை மனத்தில் வைத்து நிலைபெற்ற அளவு. வித்தி எவ்வளவு கடினமானதாயினும் அதன் டிஎன்ஏ வைரசினுடையதைவிட மிக நீளமானது. கொழும்புக்கு அருகே பியகமவில் இலங்கை அணுசக்திச் சபையின் கீழுள்ள காமா நிலையத்தில் கோபாற்று-60 கொண்டு கதிரூட்டல் நடைபெறுகிறது. கையுறையோ பஞ்சோ முதலிலேயே தூய்மையாக உற்பத்தியாவதால் அதன்மேல் நுண்ணங்கிகள் சிலவே இருக்கும். அங்கே 25 போதும். வைரசு செறிந்த இழையத்துக்கு அதே எண்ணை எடுத்துப் போடுவது பிழை.

இன்னொரு 25 மாணவரைத் தொடர்ந்து ஏமாற்றுகிறது. குருதி மாற்றீட்டுக்கு முன் சில நோயாளருக்காகக் குருதிப் பைகளுக்குக் கதிரூட்டுவதுண்டு. அந்த அளவு 25 கிரே, கிலோ இல்லை. வழங்குநரின் வெண்குழியங்கள் பிரிந்து பெருகாமல் தடுப்பதே அதன் நோக்கம். 37 வீத அளவு 330 கிரே என்று நாம் கணித்த பெரிய வைரசுக்கே 25 கிரேயில் நூற்றுக்கு 92க்கு மேல் உயிர்ப்போடு எஞ்சும். கணிகருவியில் 25ஐ 330ஆல் வகுத்துப் பாருங்கள். கதிரூட்டிய குருதியென்றால் வைரசு நீங்கிய குருதி என்று எவரேனும் எழுதினால் சிவப்பு மையால் வட்டமிடலாம்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யப்போகிறவர், டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பன்மடங்காகப் படியெடுத்துக் கண்டறியும் பிசிஆர் சோதனையின் முடிவை நம்பி முடக்கத்தை முடிவுசெய்யக் கூடாது. 3,00,000 மூலச் சோடியில் 20 இடத்தில் அறுந்த டிஎன்ஏ உறுதியாகப் பெருகாது. ஆனால் பிசிஆர் தேடுவது 150 மூலச் சோடி நீளமுள்ள ஒரு சிறு துண்டை மட்டுமே. அத்துண்டுக்குள் ஓர் அறுப்பு விழுந்திருக்கும் வாய்ப்பு 20 × 150 ÷ 3,00,000, அதாவது நூற்றில் ஒன்று. மற்ற 99இலும் விடை நேர்மறையாகவே வரும். முழுப் பனையோலைப் பாயும் கிழிந்திருக்க, கையிலெடுத்த ஒரு சாண் துண்டு நல்லதாக இருக்கிறதென்று பாயை விரிக்க முடியாது. வைரசு பெருகுகிறதா என்பதை உயிருள்ள கலத்திலோ, இறாலென்றால் உயிருள்ள இறாலிலோதான் பார்க்க வேண்டும்.

புல்மோட்டை மணலைப் பற்றிய கேள்வியும் தவறாமல் வரும். அங்கே இல்மனைற்று, றூற்றைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு தோரியம் கொண்ட மோனசைற்றும் சிறிதளவு கலந்திருப்பது உண்மை. தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னும் கனிமமே 1904இல் இலங்கையில் ஆனந்த குமாரசுவாமியால் கண்டறியப்பட்டதுதான். அதற்காக அந்த மணல் வைரசை முடக்குமென்று எண்ண இடமில்லை. ஆண்டுக்கு 10 மில்லிகிரே என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1 கிலோகிரே சேர்வதற்கு 1,00,000 ஆண்டு வேண்டும். கைபேசி அலையும் நுண்ணலை அடுப்பும் அயனாக்குவனவே அல்ல. அவற்றை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம். கதிரூட்டிய பொருள் கதிர்த்தொழிற்பாடு உடையதாகிவிடுமா என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: கோபாற்று-60இன் காமாக் கதிருக்கு அணுக்கருவைக் குலைக்கும் அளவுக்குச் சக்தி போதாது, அது இலத்திரன்களோடுதான் விளையாடும்.

இப்போது இறாலுக்குத் திரும்புவோம். அவுஸ்திரேலியா, தூண்டில் இரையாக இறக்குமதியாகும் இறாலை 50 கிலோகிரேயில் கதிரூட்டியிருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. 2016இன் இறுதியில் குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றோரப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் வெடித்தபின் அங்கே இறால் இறக்குமதி பற்றிய கவலை மேலும் கூடியது. நம் கணக்கின்படி வெண்புள்ளி வைரசின் பத்திலொரு அளவு 760 கிரே. மதிப்பீடு ஐந்து மடங்கு பிசகியிருந்தாலும் 3.8 கிலோகிரே, 50இல் பதின்மூன்று தடவை பத்தால் வகுபடும். எதற்கு இவ்வளவு என்று தோன்றும். ஆனால் இறாலில் வேறொரு வைரசும் உண்டு. தோலுக்கடியிலும் குருதியாக்கும் இழையங்களிலும் கலங்களை மடியச் செய்யும் அது பார்வோ வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒற்றை இழை டிஎன்ஏ. நீளம் ஏறத்தாழ 4,000 நியூக்கிளியோரைட்டு. எடை 4,000 × 330 = 13.2 இலட்சம் டால்டன். 37 வீத அளவு 4.85 கிலோகிரே, பத்திலொரு அளவு 11.2 கிலோகிரே. 25 கிலோகிரே கொடுத்தால் 170இல் ஒன்று தப்பும். 50இலும் நாலரைத் தடவைதான் பத்தால் வகுபடும். பண்ணையையே காலியாக்கும் பெரிய வைரசு கதிருக்கு எளிய இரை. பெயரே பலருக்குத் தெரியாத பொடியன்தான் முரடன். இதில் இழையின் வகை ஓரளவு எதிர்ப்பக்கம் இழுத்தாலும், நீளத்தில் 75 மடங்கு வேறுபாட்டை அதனால் ஈடுசெய்ய முடிவதில்லை. ஆகவே கலப்பு மாதிரி ஒன்றுக்கு அளவு குறிக்கும்போது, அதிலிருக்கக்கூடிய மிகச் சிறிய மரபுப்பொருளைத் தேடிப் பிடித்து அதற்கே கணக்குப் போட வேண்டும்.

கணக்கில் வந்த அளவு, பெட்டியின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நடுவே இறுகிக் கிடக்கும் இறால், ஓரத்திலிருப்பதைவிடக் குறைவாகவே பெறும். அளவுமானிகளைப் பல இடங்களில் வைத்து, மிகக் குறைந்ததையே பெட்டியின் அளவாகக் கொள்வர். கோபாற்று-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு என்பதால் கதிரை வெளியிடும் மூலத்தின் வலிமை ஆண்டுக்குச் சுமார் 12 வீதம் குறைகிறது. சென்ற ஆண்டின் நேர அட்டவணையை இவ்வாண்டு அப்படியே பயன்படுத்தினால் அளவு குறைந்துவிடும்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் பின்னர் கொடுத்த பயிற்சி இது: ஒரு கிராம் இறாலில் அந்தச் சிறு வைரசு பத்துக் கோடி இருக்கிறது, அதைக் கிராமுக்கு ஒன்றாகக் குறைக்க எவ்வளவு கதிர் வேண்டும்? எட்டுத் தடவை பத்தால் வகுக்க வேண்டும், எட்டை 11.2ஆல் பெருக்கி 90 கிலோகிரே என்று எழுதினான். உலக உணவு விவசாய அமைப்பும் சுகாதார அமைப்பும் அணுசக்தி முகவரகமும் கூட்டிய நிபுணர் குழு 1980இல் உணவுக்குப் பாதுகாப்பானது என ஏற்றுக்கொண்ட அளவு 10 கிலோகிரே வரைதான் என்று நினைவூட்டினேன். அந்த 10, இந்த வைரசைப் பத்திலொன்றாக்கவும் போதாது. "அப்ப அவிக்கிறதுதானே சேர் லேசு" என்றான். உண்ணும் இறாலுக்கு அது சரியான விடை. உயிரோடு குஞ்சு வளர்க்கும் பண்ணைக்காரருக்கு அவிப்பதும் கதிரூட்டுவதும் வழியாகாது என்பதால், நோயற்ற தாய் இறாலைத் தெரிவுசெய்வதே அவருக்குள்ள வழி என்று விடையின் கீழே எழுதிக் கொடுத்தேன்.